சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி: விண்ணப்பத்தில் தொடங்கி முதல் வருஷம் முடியும்வரை

இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டாவது தடவைதான் எனக்குக் கிடைத்தது. முதல் தடவை நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். அதற்கு விளக்கமாக ஒரு வரிகூட நான் எழுதவில்லை. கவரும் கடைசித் தேதி தாண்டி இரண்டு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. சட்டம் தெரியாமல் கோட்டைவிட்டிருந்தால் படித்துத் திருத்திக்கொண்டிருக்கலாம். காகிதத்தில் கோட்டைவிட்டதற்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன்.

இப்போது எங்கள் மகளிர் குழுவில் இருந்தும், சத்தியமங்கலம், பவானி, அந்தியூர்ப் பக்கமிருந்தும் "நீங்க எப்படிங்கக்கா சேர்ந்தீங்க?" என்று கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் இருப்பது ஈரோடு மாவட்டம், கோபி (கோபிச்செட்டிபாளையம்) பக்கம். கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் என்று நீங்கள் எங்கே இருந்தாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

1. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

நீதிமன்ற வளாகத்தில் "சட்ட உதவி ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, சட்டம் சார்ந்த தன்னார்வலர். பாரா லீகல் வாலண்டியர், சுருக்கமாக பி.எல்.வி. என்பார்கள். உதவி கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வழிகாட்டுவது இவர்கள் வேலை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும், தாலூகா அளவில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கும் எடுப்பார்கள். இது சம்பள வேலை இல்லை. அழைத்த நாளுக்கு மட்டும் மதிப்பூதியம் உண்டு. இந்தக் கட்டுரை இதைப் பற்றியதுதான்.

இரண்டு, சட்ட உதவிப் பாதுகாப்பு ஆலோசகர் அலுவலகம். கைதானவர்களுக்கு இலவசமாக வாதாடும் வழக்கறிஞர்களின் அலுவலகம் இது. அங்கே அலுவலக உதவியாளர், வரவேற்பாளருடன் சேர்ந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் போன்ற இடங்களுக்கு ஒப்பந்த முறையில், மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் கேட்பார்கள்.

மூன்றாவது நீதிமன்றத்தின் நிரந்தரப் பணியிடங்கள். அதற்குத் தனித் தேர்வும் தனி அறிவிப்பும் உண்டு.

இதைக் கலந்துகொண்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னார்வலராகச் சேர்ந்தால் நாலு வருஷத்தில் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்லி முன்பணம் கேட்டால், அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது.

வீட்டில் ஒரு வருமானம் இருந்து, மாதம் பத்து நாள் ஒதுக்க முடிந்தால்தான் இதில் நிலைக்க முடியும். பனியன் கம்பெனிக்குப் போகிறவர் ஷிப்டை விட்டுவிட்டு இதை நம்பி வந்தால் அந்த மாத வட்டி கட்ட முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

2. தகுதி

வக்கீல் படிப்பு வேண்டாம். பதிவு செய்த வழக்கறிஞராக இருந்தால் இதில் சேரவே முடியாது. சட்டக் கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞராகப் பதிவு செய்யும்வரை இருக்கலாம்.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் திட்டம் எழுதப் படிக்கத் தெரிந்தவரைக் கேட்கிறது. பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் நல்லது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சமூகப் பணி படிப்பவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், அரசியல் சார்பில்லாத தொண்டு அமைப்பினர் ஆகியோரை அதில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். சிறையில் நீண்ட காலத் தண்டனையில் இருக்கும், படித்த, நன்னடத்தை உள்ள கைதிகளும் உண்டு. மாவட்டத்துக்கு 50 பேர், வட்டத்துக்கு 25 பேர் என்பது திட்டத்தின் கணக்கு. உங்கள் ஊரில் எத்தனை இடம் என்பது அறிவிப்பில்தான் தெரியும்.

கட்சிக்காரர்களுக்கு இடமில்லை. எந்தக் கட்சியிலும் தீவிர உறுப்பினராக இருக்கக் கூடாது. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் எடுத்துவிடுவார்கள். ஊரில் பேனரில் உங்கள் போட்டோ இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

3. அறிவிப்பை எங்கே பார்ப்பது

வருஷத்தில் இந்த மாதம்தான் வரும் என்று நிச்சயம் கிடையாது. மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளம், நீதிமன்ற வளாகத்து அறிவிப்புப் பலகை, உள்ளூர்ப் பதிப்பில் ஒரு சின்னச் செய்தி என்று மூன்று இடத்தில் வரும். நான் பார்த்தவரை விண்ணப்பிக்க இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்ததில்லை. அதனால் அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு அலையத் தொடங்கினால் கட்டாயம் தவறிவிடும்.

நேரில் கேட்பது நல்லது. ஈரோட்டில் சம்பத் நகர் நீதிமன்ற வளாகம், கோவையில் கோபாலபுரத்து வளாகம், கோபியில் கச்சேரிமேடு. உள்ளே போய் "சட்ட உதவி மையம் எங்கேங்க?" என்று கேட்டால் காட்டுவார்கள். திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், கூட்டம் அதிகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி வாக்கில் போனால் நிதானமாகப் பதில் சொல்வார்கள். மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அன்றாட நிர்வாகத்தைச் செயலாளராக இருக்கும் நீதிபதி பார்க்கிறார். விண்ணப்பத்தை யார் பெயருக்கு அனுப்ப வேண்டும், மாவட்டத்துக்கா வட்டத்துக்கா என்பதை அறிவிப்பில் இரண்டு தடவை படியுங்கள். கோபிக்காரர் ஈரோட்டுக்கு அனுப்ப வேண்டியதைக் கோபிக்கு அனுப்பினால், அது ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் தேதி முடிந்துவிடும்.

4. ஆவணங்கள்: இப்போதே தயார் செய்யுங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றை அதில் போட்டு வையுங்கள்: படிப்புச் சான்றிதழ்கள், ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, சாதிச் சான்று, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஆறு. மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான அடையாள அட்டை. குழுவில் இருந்தால் குழுத் தலைவி கையெழுத்திட்ட ஒரு கடிதம். ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆணையின் நகல். எல்லாவற்றையும் எல்லா ஊரிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் கேட்ட பிறகு தேட நேரம் இருக்காது.

இதில் மூன்று இடத்தில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

முதலாவது பெயர். நம் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் இனிஷியல், பின் ஓர் இனிஷியல். அதோடு ஆதாரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். திருத்த முடிந்ததை ஆதார் மையத்தில் முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள், அதற்கு வாரக் கணக்கில் ஆகலாம். நேரம் இல்லையென்றால், "சான்றிதழில் உள்ள இன்னாரும் ஆதாரில் உள்ள இன்னாரும் நானே, திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, கணவர் பெயர் தெரியும் குடும்ப அட்டை நகலையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது தடவை நான் இதைத்தான் செய்தேன்.

இரண்டாவது காவல் துறைச் சரிபார்ப்பு. உங்கள் மேல் வழக்கு இல்லை என்று காட்டுவதற்குச் சில அறிவிப்புகளில் கேட்பார்கள், சிலவற்றில் தேர்வான பிறகு கேட்பார்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நான் கட்டியது 500 ரூபாய். ஆதார் முகவரியும் நீங்கள் குடியிருக்கும் முகவரியும் வேறு வேறு ஸ்டேஷன் எல்லையில் இருந்தால் இரண்டு இடத்தில் விசாரிப்பார்கள். ஸ்டேஷனில் இருந்து போன் வந்தால் எடுங்கள். எனக்குத் தெரியாத நம்பர் என்று நான் இரண்டு நாள் எடுக்காமல் விட்டேன், அதில் ஒரு வாரம் போயிற்று. பதினைந்து, இருபது நாள் ஒதுக்கிவிடுங்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டாம், பழைய தேதியிட்டதை ஏற்காமல் போகலாம். இது ஒன்றைத்தான் அறிவிப்பு வந்த அன்றே தொடங்க வேண்டும்.

மூன்றாவது இ-சேவை மையம். சாதி, வருமானம், இருப்பிடம் என்று வருவாய்த் துறைச் சான்று ஒவ்வொன்றுக்கும் மையத்தில் 60 ரூபாய். முதல் தடவை போகிறவர்களுக்கு முதலில் ஒரு பதிவு எண் போட்டுத் தருவார்கள். அதற்கு ஆதாரும் அதோடு இணைந்த செல்போனும் கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் போன் வீட்டுக்காரர் சட்டைப் பையில், அவர் தறிப் பட்டறையில் என்றால் அன்றைக்கு வேலை நடக்காது.

நகல்களில் நீங்களே கையெழுத்திட்டால் போதுமா, அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி கையெழுத்து வேண்டுமா என்று அறிவிப்பில் பாருங்கள். அதிகாரி கையெழுத்து என்றால் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையோ அரசு மருத்துவரையோ அணுகலாம். ஒரிஜினலையும் கொண்டுபோக வேண்டும். பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

எனக்கு ஆன மொத்தச் செலவு: காவல் துறைச் சரிபார்ப்பு, இ-சேவை, போட்டோ, ஜெராக்ஸ், தபால், ஈரோட்டுக்கு மூன்று நடை பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

5. விண்ணப்பத்தைச் சேர்ப்பது

அறிவிப்பில் கொடுத்திருக்கும் படிவத்தையே பயன்படுத்துங்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பொது விண்ணப்பத் தாள் வேண்டாம். "சமூகப் பணி அனுபவம்" என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். பெரிதாக எதுவும் இருக்க வேண்டியதில்லை. குழுவின் கணக்கு எழுதியது, ஊரில் நாலு பாட்டிகளுக்கு முதியோர் ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்தது, வாக்காளர் பட்டியல் வேலை பார்த்தது என்று உண்மையாகச் செய்ததை ஊர்ப் பெயரோடும் வருஷத்தோடும் எழுதுங்கள். அது கேள்வியாக வரும்.

நேரில் கொடுப்பதானால் இரண்டு செட் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபால் என்றால் விரைவுத் தபாலில், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு. கடைசித் தேதி என்றால் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டிய தேதி. நான் அதை அனுப்ப வேண்டிய தேதி என்று எடுத்துக்கொண்டேன். கவர் மேலேயே எந்தப் பணிக்கு என்று எழுத மறக்காதீர்கள்.

6. நேர்காணல்

நீதிபதிகள் முன்னால் உட்காரப் போகிறோம் என்று பயந்துகொண்டே போனேன். கேட்டது பத்து நிமிஷம். எந்தச் சட்டப் பிரிவையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. எந்த ஊர், எப்படி வருவீர்கள், மாதத்தில் எத்தனை நாள் வர முடியும், வீட்டில் சம்மதமா என்று கேட்டார்கள். அப்புறம், "ஒரு பெண் அழுதுகொண்டே வருகிறார், கணவர் அடித்துவிட்டார். முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார்கள். முதலில் அடி பலமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று பார்ப்பேன், குழந்தைகள் எங்கே என்று கேட்பேன், அதற்குப் பிறகுதான் மனு என்றேன். சரி என்று தலையாட்டினார்கள்.

அடிப்படையாக இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987. அதன் 12ஆம் பிரிவுதான் யாருக்கு இலவச உதவி என்று சொல்கிறது: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கும் கட்டாய வேலைக்கும் ஆளானவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு வரம்பு உண்டு, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். இலவச உதவி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் அதற்கு மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு தெளிவாக இருந்தால் போதும்.

7. பயிற்சி

தேர்வானதும் சில நாள் பயிற்சி வைப்பார்கள். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், குழந்தைகள் நல அலுவலர், காவல் துறையினர், சமூக நலத் துறையினர் என்று ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள். அப்போது அவர்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்த நாளில் இருப்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தை விட இந்த விவரம்தான் எனக்கு அதிகம் உதவியது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன, பிரிவு எண்களும் மாறின. ஜீவனாம்சத்துக்கு 125 என்று ஊரே சொல்லிப் பழகியிருக்கிறது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. பழைய கையேட்டைக் கொடுத்தால் பென்சிலால் புது எண்ணைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்தால் போட்டோவோடு அடையாள அட்டை தருவார்கள். அதில் முடியும் தேதி இருக்கும், கவனித்துக்கொள்ளுங்கள்.

8. மேசையில் உட்காரும்போது

முகப்பு அலுவலகம், கிராமத்துச் சட்ட உதவி மையம், சிறை, காவல் நிலையம், மக்கள் நீதிமன்ற நாள் என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். தேசிய மக்கள் நீதிமன்றம் வருஷத்துக்கு நான்கு தடவை நடக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் வேலை கூடும். மற்ற நாளில் வருகிறவர்கள் நம் கொங்கு நாட்டுப் பிரச்சினைகளோடுதான் வருவார்கள். விசைத்தறிக் கூலி பாக்கி, முன்பணத்துக்குப் பிடித்து வைத்திருக்கும் ஆள், வாய்க்கால் தண்ணீர், தடத் தகராறு, கந்துவட்டி, லாரி மோதியது, ஸ்பின்னிங் மில்லில் இருந்து வந்துவிட்ட பெண்ணுக்கு வர வேண்டிய பணம். பெருந்துறைப் பக்கம் 2012இல் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்தவர்கள் இன்னும் மஞ்சப்பையோடு வருகிறார்கள். அதெல்லாம் கோவையில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கென இருக்கும் சிறப்பு நீதிமன்றத்து விஷயம் என்று வழிகாட்டத்தான் நம்மால் முடியும்.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அந்தியூர்ப் பக்கத்து ஊரில் இருந்து ஓர் ஆத்தா வந்தார், எழுபதுக்கு மேல் வயது. தோட்டத்தைப் பையன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது களத்தோரத்துச் சாளைக் குடிசையில் தனியாக இருக்கிறார். சோறு வருகிற நாள் வரும், வராத நாள் வராது. பையை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்:

"ஏனுங்கம்மிணி, மனு எழுதிக் குடுத்தா பையனப் புடிச்சு உள்ள போட்டுருவாங்களா?"

"இல்லீங்காத்தா. இது போலீஸ் கேசு இல்லீங்க. உங்க சோத்துக்கும் மருந்துக்கும் மாசாமாசம் பணம் குடுக்கச் சொல்லிக் கேக்கறதுங்க."

"அவனுக்குக் கெட்ட பேரு வராதில்ல?"

"கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசுவாங்கங்க. பேசியே முடிஞ்சாலும் முடியுமுங்க."

அதற்குப் பிறகுதான் பை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு துணி, அதற்குள் பத்திரம், கந்தாயம் (நில வரி) கட்டிய பழைய ரசீதுகள், ஆஸ்பத்திரிச் சீட்டு.

இந்த மாதிரி வழக்குக்கு 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் ஈரோடு, கோபி என்று இரண்டு கோட்டம், அந்தியூர் கோபிக்கு வரும். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய்வரை. எதிர் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளில் இருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பத்திரத்தை ரத்து செய்யவும் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் கேட்கலாம். ஆனால் அதற்கு, பத்திரம் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதியதா, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தேடி முழுப் பத்திரத்தையும் வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆத்தாவுக்கு எழுதும்போது அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது.

நான் செய்த வரிசை இது, இதையே நீங்களும் பழகலாம். முதலில் ஆளைப் பேச விடுங்கள், எழுதாமல் கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது தேதிகளை மட்டும் எழுதுங்கள். ஆவணங்களில் பெயர், தேதி, சர்வே எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் அரசு இணையதளங்களில் காசில்லாமல் பார்க்கலாம், அதற்காக யாரிடமும் பணம் கொடுக்க விடாதீர்கள். நகல் எடுத்ததும் ஒரிஜினலை அங்கேயே, அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஆரம்பத்தில் ஒருவரின் அசல் ரசீதை, நாளைக்குத் தருகிறேன் என்று நான் வாங்கி வைத்தேன். மறுநாள் அது வேறு கட்டுக்குள் போய், தேடி எடுக்க அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளும் அவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். அன்றிலிருந்து ஒரிஜினல் என் மேசையில் ஒரு நிமிஷம்கூடத் தங்குவதில்லை.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். யார், எந்த ஊர், யார் மேல், என்ன நடந்தது, எப்போது, என்ன கேட்கிறார். எழுதியதைப் படித்துக் காட்டி, அவர் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகே கைநாட்டு. சட்ட உதவி கேட்கும் விண்ணப்பத்துக்கு முடிவு உடனே, அதிகம் போனால் 7 நாளுக்குள் எடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருங்கள், கேட்டுப் பெற உதவும்.

நாள் முக்கியமான விஷயங்கள் சில உண்டு. சாலை விபத்து என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. துக்கம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று இருப்பவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்று வட்டாட்சியரிடம் கிடைக்காது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கடம்பூர், தாளவாடி மலையில் இருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களைத் தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்களுக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். பீகார், ஒடிசாவில் இருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு உங்கள் பக்கத்தில் இந்தி தெரிந்த ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் மேஸ்திரியையே மொழிபெயர்க்க விடாதீர்கள். புகார் பல நேரம் அந்த மேஸ்திரி மேல்தான் இருக்கும்.

9. செய்யவே கூடாதவை

பணம் வாங்கக் கூடாது. தேங்காய், வாழைத்தார், டீ எதுவானாலும் வேண்டாம். நம் ஊரில் மறுத்தால் மனசு சங்கடப்படுவார்கள், "வேலை போயிருமுங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது. இந்த வக்கீலிடம் போங்கள் என்று பெயர் சொல்லக் கூடாது. காவல் நிலையப் பணியில் இருக்கும்போது இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசக் கூடாது, அது கட்டப் பஞ்சாயத்து ஆகிவிடும். கேஸ் ஜெயிக்கும் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது.

குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்காதீர்கள். செயலாளரிடம் உடனே தெரிவியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். பெயரும் ஊரும் உங்கள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் முகாம் போட்டோ போடும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கணவனுக்குத் தெரியாமல் வந்த பெண் ஒருவர் அப்படி ஒரு போட்டோவால் மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். அதன் பிறகு முகாமில் நான் போனை வெளியே எடுப்பதே இல்லை.

10. மதிப்பூதியம், டைரி, புதுப்பித்தல்

அறிவிப்பிலேயே ஒரு நாளுக்கு எவ்வளவு என்று இருக்கும், சில நூறு ரூபாய். வங்கிக் கணக்கில் வரும். மாதம் முடிந்ததும் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்தும் வரலாம். அதுவரை பஸ்ஸுக்கு உங்கள் கைக்காசுதான். பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகலாம் என்பதால் எனக்குச் சமாளிக்க முடிந்தது. சிறப்புப் பணிக்கு அனுப்பினால் பஸ் டிக்கெட்டையும் தபால் ரசீதையும் எடுத்து வையுங்கள், ஆதாரம் காட்டினால் அந்தச் செலவைத் தர வழி இருக்கிறது.

டைரி கட்டாயம் எழுதுங்கள். தேதி, இடம், வந்தவர் எண்ணிக்கை, என்ன விஷயம், எங்கே அனுப்பினோம். மாத அறிக்கையை அதைப் பார்த்துத்தான் எழுத முடியும், மதிப்பூதியத்துக்கும் அதுதான் கணக்கு. அன்றைக்கே எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக எழுதினால் ஒரு நாளாவது விட்டுப்போகும், விட்டுப்போன நாளுக்குப் பணம் வராது.

பணிக்காலம் பொதுவாக ஒரு வருஷம். அடையாள அட்டை தானாகப் புதுப்பிக்கப்படாது. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, தொடர விருப்பம் என்று ஒரு கடிதமும், அந்த வருஷத்து மாத அறிக்கைகளின் நகலும் சேர்த்துச் செயலாளர் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதியான அட்டையோடு சிறை வாசலுக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள்.